செவ்வாயில் ஒரு பெஞ்சு

வராதவனுக்காக ப்ராக்ஸி கொடுப்பவனைக் குரலை வைத்தே பிடிப்பதில் இந்த மாவட்டத்தில் எனக்கு இணை கிடையாது. தற்பெருமை என்று சொன்னால் ஒப்புக்கொள்கிறேன். முப்பத்தொரு வருடம் தமிழ் வாத்தியாராக இருந்தவனுக்கு வேறு என்ன சொத்து இருக்கிறது? பதிவேட்டைப் பார்த்துப் பெயரைக் கூப்பிடுவேன், தலையை நிமிர்த்த மாட்டேன், "உள்ளேன் ஐயா" என்று பதில் வரும். அந்த இரண்டு வார்த்தையில் யார் உள்ளே, யார் வெளியே, யார் காலையில் சாப்பிடாமல் வந்திருக்கிறார்கள் என்பது வரை எனக்குத் தெரிந்துவிடும். அப்படிப்பட்ட என்னை ஒரு பெட்டி ஒன்பது மாதம் ஏமாற்றியது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

என் பெயர் ஞானதிரவியம். பள்ளிக்கூடம் தேரிவிளை அரசு உயர்நிலைப் பள்ளி. சுற்றிலும் செம்மணல் தேரி, பனைமரம், அதற்கு அப்பால் கடல், கடலோரம் ராக்கெட் ஏவுதளம். மாதம் இரண்டு முறை ராக்கெட் கிளம்பும்போது எங்கள் கரும்பலகையிலிருந்து சாக்பீஸ் தூள் உதிரும். நூற்றாண்டு முடியப் போகிறது, செவ்வாய்க்குப் போய்க் குடியேறிப் பிள்ளையும் பெற்றுவிட்டார்கள். எங்கள் வருகைப் பதிவேடு மட்டும் இன்னும் நீல அட்டை போட்ட காகித நோட்டுதான். அதில் எதையாவது அடித்துத் திருத்தினால் பக்கத்தில் சிவப்பு மையில் கையெழுத்துப் போட வேண்டும்.

முதலில் விருந்தினர் பேச்சு என்றுதான் ஆரம்பித்தது. வாரத்துக்கு ஒருவர் திரையில் வந்து எட்டாம் வகுப்புப் பிள்ளைகளோடு பேசுவார். தென்துருவத்தில் பனியைத் துளைப்பவர் வந்தார். ஆழ்கடலில் கேபிள் போடுகிறவர் வந்தார். பிறகு வகுப்போடு வகுப்பை இணைத்தார்கள். பின்லாந்துப் பிள்ளைகளிடம் எங்கள் பிள்ளைகள் பனங்கிழங்கு எப்படி அவிப்பது என்று ஒரு மணி நேரம் விளக்கினார்கள். அப்படியொரு நாள் செவ்வாயிலிருந்து சுயம்புக்கனி வந்தார். உடன்குடிப் பக்கத்துப் பெண். ஏவுதளத்தில் வெல்டராகச் சேர்ந்து, கடைசியில் பூமியையே விட்டுப் போனவர். அங்கே குடியிருப்பில் காற்றுக் குழாய்களைப் பற்றவைப்பது அவர் வேலை. பேசி முடித்ததும் அவர் எங்களிடம் ஒன்றே ஒன்று கேட்டார். அங்கே ஏழு பிள்ளைகள் தமிழ் சொல்லித்தர ஆளில்லாமல் இருக்கிறார்கள், அவர்களும் உங்கள் வகுப்பில் உட்காரலாமா என்று.

உட்காரட்டும் என்றேன். எங்கள் வகுப்பில் இருபத்தொன்பது பேர். முப்பதிலிருந்து முப்பத்தாறு வரை அந்த ஏழு பெயரையும் வயது வரிசையில் பதிவேட்டில் எழுதினேன். ரூபவதி, ஆதம், லின், மிக்கேல், தமீம், ஜோஸ்மி, எல்லாருக்கும் இளையவளாகச் சுயம்புக்கனியின் மகள் அஞ்சனி. ஒவ்வொருவருக்கும் இங்கே ஒரு பெஞ்சு ஜோடியும் நியமித்தேன். அஞ்சனிக்கு ஜோடி இசக்கியம்மாள். அஞ்சனி என்ன சொன்னாலும் இசக்கி சிரிப்பாள். இசக்கி சிரித்தால் அஞ்சனிக்கு இன்னும் பேச்சு வரும்.

அப்போது செவ்வாய் கிட்டத்தில் இருந்தது. கிட்டத்தில் என்றால் ஏழு கோடி கிலோமீட்டர். குரல் போக நான்கு நிமிடம், திரும்பி வர நான்கு நிமிடம். நான் எல்லாப் பெயரையும் கூப்பிட்டுவிட்டுப் பாடத்தை ஆரம்பித்துவிடுவேன். செய்யுளின் நடுவில் திடீரென்று "உள்ளேன் ஐயா" என்று ஏழு குரல் வரிசையாக வரும். முதல் நாள் அது வந்தபோது என் கண் கலங்கிவிட்டது. முப்பத்தொரு வருடமாகத் தினமும் கேட்டுச் சலித்த வார்த்தை அது. அன்றைக்குப் புதிதாகக் கேட்டேன்.

ஆறாவது வாரம் அஞ்சனியின் இடத்தில் வந்த குரல் கொஞ்சம் தடித்திருந்தது. குரலை மெலித்துப் பேசியிருந்தான், ஆனாலும் எனக்குத் தெரியாதா? "ஏலே மிக்கேல், பெஞ்சு மேல ஏறு" என்றேன். அவன் ஏறினானா இல்லையா என்று தெரிய எட்டு நிமிடம் ஆயிற்று. ஏறியிருந்தான். அங்கே எடை பூமியில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் அதிகம்தான், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்பேன் என்று பெருமை வேறு பேசினான். அஞ்சனி அம்மாவோடு குழாய் பார்க்கப் போயிருந்தாளாம். பிள்ளைகளைப் பெஞ்சில் ஏற்றுவது இப்போது விதிப்படி குற்றம் என்று தலைமையாசிரியை என்னைக் கண்டித்தார். செவ்வாய்க்கு அந்த விதி செல்லுமா என்று எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லை என்று சொல்லித் தப்பித்தேன்.

அதற்குப் பிறகு செவ்வாய் விலகத் தொடங்கியது. ஐப்பசி மாதத்தில் ஒரு கேள்விக்குப் பதில் வர இருபது நிமிடம் பிடித்தது. நாற்பது நிமிடப் பாடவேளையில் இரண்டு கேள்விதான் கேட்க முடியும். அப்போதுதான் இணைப்பை நடத்திய நிறுவனம் சாம்பல் நிறத்தில் ஒரு பெட்டியை அனுப்பியது. இடைநிரப்பி என்று பெயர். கூடவே பதினெட்டுப் பக்க விண்ணப்பம். பென்சிலில் டிக் போட்டிருந்த இடங்களில் கையெழுத்துப் போட்டேன். கேள்வியை முழுதாகப் படிக்காமல் பதில் எழுதாதே என்று வருடம் முழுக்கப் பிள்ளைகளிடம் கத்துகிறவன் நான்.

மறுநாள் பெயரைக் கூப்பிட்டதும் பதில் உடனே வந்தது. அஞ்சனி பக்கத்து அறையில் இருப்பதுபோல் சிரித்தாள், தமீம் வழக்கம்போல் இரண்டாம் தடவை கூப்பிட்ட பிறகு பதில் சொன்னான். வேகமாக அனுப்ப வழி கண்டுபிடித்துவிட்டார்கள் போலிருக்கிறது என்று நினைத்தேன். ஒளியைவிட வேகமாக எதுவும் போக முடியாது என்று அறிவியல் வாத்தியார் சொன்னார். அவர் சொல்வதில் பாதி சரியாக இருக்காது என்பதால் நான் கண்டுகொள்ளவில்லை. குரல்கள் அதே குரல்கள். என் காதை நான் நம்பினேன்.

ஒன்பது மாதம் ஓடியது. பிள்ளைகள் ஒன்பதாம் வகுப்புக்கு வந்தார்கள், நானும் கூடவே வந்தேன். ஆடி மாதம் ஒரு நாள் காலை, வருகை எடுத்து முடித்ததும் இசக்கி எழுந்து நின்றாள்.

இங்கே இசக்கி வீட்டு நிலவரத்தைச் சொல்ல வேண்டும். அவளுடைய அக்காவுக்குச் செவ்வாய் தோஷம். வந்த வரன் எல்லாம் ஜாதகத்தோடு திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. அதனால் அவர்கள் வீட்டில் மற்றவர்கள் பால் விலை பேசுவதுபோல் செவ்வாயின் நடமாட்டத்தைப் பேசுவார்கள். பஞ்சாங்கம் சாப்பாட்டு மேசையிலேயே கிடக்கும். அக்கா கல்யாணத்தைக் கெடுக்கிற கிரகத்தில் தங்கச்சிக்குச் சிநேகிதி என்று அவள் அம்மாவுக்குத் தீராத வருத்தம்.

"ஐயா, இன்னைக்குச் சூரியனும் செவ்வாயும் கடகத்துல ஒரே பாகையில நிக்கி. பஞ்சாங்கத்துல போட்டிருக்கு" என்றாள் இசக்கி. "அப்பம் நமக்கும் அஞ்சனிக்கும் நடுவுல சூரியன்லா இருக்கு. அவ குரல் எந்த வழியா வருது?"

நான் திரையைப் பார்த்தேன். ஏழு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். அஞ்சனி, நீ சொல்லு என்றேன். அவள் தலையைச் சாய்த்துச் சிரித்தாள். எனக்கும் தெரியல ஐயா, பாடத்தை ஆரம்பிக்கலாமா என்றாள். பாடத்தை ஆரம்பிக்கச் சொன்ன பிள்ளையை என் வாழ்நாளில் நான் பார்த்ததில்லை.

கணினி ஆய்வகத்துப் பொறுப்பாளர் ஃபரீதாவை வரச் சொன்னேன். காயல்பட்டினத்துப் பெண், நாற்பது வயது, சுற்றி வளைக்காமல் பேசுவார். இசக்கி கேட்டதையே நானும் அவரிடம் கேட்டேன்.

"இது அஞ்சனி இல்ல ஐயா, அஞ்சனி மாதிரி" என்றார். "நீங்க கேட்டா அந்தப் பிள்ள என்ன சொல்லும்னு கணிச்சு, அது மாதிரியே உருவமும் குரலும் போட்டு இந்தப் பெட்டி சொல்லும். நிஜக் குரல் பின்னாடி வந்து சேரும். அதைக் கேட்டுப் பெட்டி தன்னைத் திருத்திக்கும், நமக்குப் போட்டுக் காட்டாது. இப்ப சூரியன் குறுக்க நிக்கிறதால எட்டு நாளா நிஜக் குரலும் இல்ல. இன்னும் எட்டு நாளைக்கு வராது. எல்லாம் அந்த ஃபார்ம்ல இருக்கே ஐயா, நீங்கதான கையெழுத்துப் போட்டீங்க?"

அப்போ அவர்கள் திரையில் யார் என்று கேட்டேன். அங்கேயும் ஒரு பெட்டி இருக்கிறது என்றார். அப்படியென்றால் அங்கே திரையில் இருப்பது நான் இல்லை, என்னைப் போல ஒருவன்.

நான் வகுப்பை வெளியே கூட்டிக்கொண்டு போனேன். ஏன் போனேன் என்று கேட்டால் தெரியாது, அந்த அறைக்குள் அந்த ஏழு முகங்களுக்கு முன்னால் நிற்க முடியவில்லை. மைதானத்தில் வெயில் அடித்தது. சூரியனை நேராகப் பார்க்க முடியாதே, தலையைக் குனிந்து அவரவர் நிழலைப் பார்த்துக்கொண்டு நின்றோம். இந்த வெளிச்சம் எல்லாம் எதிலிருந்து வருகிறதோ அதற்கு அந்தப் பக்கம், முப்பத்தெட்டுக் கோடி கிலோமீட்டர் தள்ளி, என் பதிவேட்டில் பெயர் உள்ள ஏழு பிள்ளைகள். தினமும் தலைக்கு மேல் போகிற சூரியன் எவ்வளவு பெரியது என்று நான் அன்றுதான் உணர்ந்தேன். அதற்குப் பின்னால் ஒளிந்தால் உலகமே தெரியாமல் போய்விடும்.

நிஜக் குரல் பதிவுகள் பெட்டிக்குள் இருக்குமா என்று இசக்கிதான் ஃபரீதாவிடம் கேட்டாள். இருந்தன. சூரியன் மறைப்பதற்கு முந்தைய கடைசி வகுப்பைப் போட்டோம்.

ரூபவதி உள்ளேன் என்றாள். ஆதம், லின், மிக்கேல், தமீம், ஜோஸ்மி என்று வரிசையாக வந்தது. அஞ்சனியின் இடத்தில் மிக்கேலின் சொந்தக் குரல் வந்தது. அஞ்சனி வரவில்லை, நாலு நாளாக மூச்சு வாங்குகிறது, மருத்துவ அறையில் படுத்திருக்கிறாள், நேற்றும் சொன்னேனே ஐயா என்றது அந்தக் குரல். இசக்கிகிட்ட சொல்லச் சொன்னா என்றும் சொன்னது. அதற்கு முந்தைய நாள் பதிவிலும் இதுதான். அதற்கு முந்தைய நாளும் இதுதான். நான்காவது நாள் பதிவில் மருத்துவ அறைப் படுக்கையிலிருந்து அஞ்சனியே பேசியிருந்தாள். குரல் கரகரத்தது. ஏ இசக்கி, எனக்கு மூச்சு விட முடியல, பயமா இருக்குட்டி என்றாள். அதற்குப் பிறகு கொஞ்சம் நின்று, நீ ஏன் சிரிக்க என்று கேட்டாள்.

அதே நாள் எங்கள் திரையில் இருந்த அஞ்சனி புது ஜடை போட்டுக்கொண்டு வந்து கதை சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. பதிவேட்டைப் புரட்டினேன். நான்கு நாளும் முப்பத்தாறாம் எண்ணுக்கு நேரே என் கையெழுத்தில் வருகைக் குறி. ப்ராக்ஸியைப் பிடிப்பதில் எனக்கு இணை இல்லை என்றேனே, ஒரே பிள்ளைக்கு, அதுவும் மூச்சு விட முடியாமல் படுத்திருந்த பிள்ளைக்கு, வரிசையாகப் போட்டிருந்தேன்.

இசக்கி அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"அவ என்ன சொன்னாலும் நான் சிரிப்பேன்னு அந்தப் பெட்டி படிச்சு வச்சிருக்கு ஐயா" என்றாள். "அவ பயமா இருக்குன்னு சொல்லும்போது நான் சிரிச்சிருக்கேன். அது நான் இல்ல. ஆனா அவளுக்கு நான்தான."

பெட்டியின் வயரை நானே பிடுங்கினேன். திரை சாம்பல் நிறமாகிப் போனது. மறுநாள் நிறுவனத்திலிருந்து போன் வந்தது. மாணவர் திருப்தி நூற்றுக்குத் தொண்ணூற்றேழு என்று கணக்குச் சொன்னார்கள். அந்த மூன்று பேர் யார் என்று தலைமையாசிரியை கேட்டார். பெட்டியை மறுபடி மாட்ட வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். என்னைக் கண்டிக்கிற அதே வாயால் அவர் எனக்காகப் பேசியதை அன்றுதான் கேட்டேன்.

மீதி எட்டு நாள். சூரியனைச் சுற்றிச் செய்தி அனுப்ப ஒரு நிலையம் அமைக்கப்போவதாக இருபது வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அமைக்கவில்லை. அதனால் அஞ்சனி எப்படி இருக்கிறாள், இருக்கிறாளா என்றே உலகத்தில் யாருக்கும் தெரியாது. நான் வழக்கம்போல் பத்தே காலுக்குப் பதிவேட்டைத் திறந்து முப்பத்தாறு பெயரையும் கூப்பிடுவேன். இருபத்தொன்பது பதில் வரும். மீதி ஏழு பெயரை வெற்றுத் திரையைப் பார்த்துக் கூப்பிடுவேன். மூன்றாவது பெயருக்குப் பிறகு தொண்டையைச் செருமுவது என் பழக்கம், செருமுவேன். தமீமை இரண்டு முறை கூப்பிடுவேன். முதல் நாள் பின்பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். இரண்டாம் நாளிலிருந்து யாரும் சிரிக்கவில்லை. ஏழு பேருக்கு நேரேயும் எதுவும் எழுதாமல் விட்டேன். வரவில்லை என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

இசக்கி தினமும் வகுப்பு முடிந்ததும் ஒலிவாங்கியின் முன்னால் நின்று, நான் சிரிக்கலட்டி, அது நான் இல்லட்டி என்று சொல்லிவிட்டுப் போவாள். சூரியனைத் தாண்டி அது போகாது என்று ஃபரீதா சொன்னார். தெரியும்க்கா என்றாள்.

ஒன்பதாம் நாள் காலை சூரியன் போதுமான அளவு விலகிவிடும் என்று அட்டவணை சொன்னது. நான் பெயரைக் கூப்பிட்டால் அது போய்ச் சேர இருபத்தொரு நிமிடம், பதில் வர இருபத்தொரு நிமிடம். பாடவேளை நாற்பது நிமிடம்தான், இரண்டு நிமிடம் உதைக்கிறது. அடுத்த மணியைத் தள்ளி அடிக்க வேண்டும் என்று தலைமையாசிரியையிடம் கேட்டேன். அவர் மணியடிக்கவே வேண்டாம் என்றார். மற்ற வகுப்புப் பிள்ளைகளும் வந்து சன்னலுக்கு வெளியே வெயிலில் நின்றார்கள். சத்துணவுக்கூடத்து அம்மா கையில் கரண்டியோடு வந்து நின்றார். அக்கா ஜாதகத்தைக் கொண்டுபோக வேண்டிய நாளில் இசக்கியின் அம்மாவும் வந்திருந்தார். நாற்பத்திரண்டு நிமிடம் எல்லாரும் காத்திருக்கத் தயாராக இருந்தோம்.

பத்தே காலுக்குப் பதிவேட்டைத் திறந்தேன். திரையில் மழை பெய்வதுபோல் புள்ளிகள். எங்கள் இருபத்தொன்பது பேரும் பதில் சொல்லி முடித்தார்கள். முப்பதாம் எண்ணுக்கு வந்தேன்.

"ரூபவதி" என்றேன்.

"உள்ளேன் ஐயா" என்று உடனே வந்தது.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்ல முடியாது. யார் அந்தப் பெட்டியை மாட்டினது என்று ஃபரீதாவைப் பார்த்துக் கத்தினேன். அவர் மேசைக்கு அடியிலிருந்து பெட்டியை எடுத்து இரண்டு கையாலும் தூக்கிக் காட்டினார். வயர் தொங்கியது. எதிலும் மாட்டப்படவில்லை.

நான் கத்திக்கொண்டிருந்த நேரத்தில் ஆதம் உள்ளேன் என்று சொல்லிவிட்டான். நான் அவனைக் கூப்பிடவே இல்லை. அவசரமாக லின் என்றேன், அவள் குரலும் என் குரலும் மோதிக்கொண்டன. பிறகு ஒரு சிறிய இடைவெளி வந்தது. மூன்றாவது பெயருக்குப் பிறகு நான் தொண்டையைச் செருமுகிற நேரம் அது. சரியாக அவ்வளவு நேரத்தை எனக்காக விட்டிருந்தார்கள்.

இசக்கி எழுந்து நின்றாள். "ஐயா, இது பெட்டி இல்ல. பெட்டின்னா நீங்க கூப்பிடுறவரைக்கும் காத்திருக்கும்."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நான் பத்தே காலுக்குப் பதிவேட்டைத் திறப்பேன் என்று அவர்களுக்குத் தெரியும். எந்தப் பெயருக்கு எவ்வளவு நேரம் எடுப்பேன் என்று தெரியும். என் குரல் வந்து சேரும்வரை காத்திருக்காமல், நான் கூப்பிடுவதற்கு இருபத்தொரு நிமிடம் முன்னாலேயே பதிலை அனுப்பிவிட்டார்கள். அந்தப் பதில்கள் முப்பத்தெட்டுக் கோடி கிலோமீட்டர் வந்து, நான் வாயைத் திறக்கும் நேரத்தில் என் வகுப்பறைக்குள் நுழைந்துகொண்டிருந்தன. நான்தான் அன்றைக்குத் தடுமாறி நேரம் தவறியிருந்தேன். முப்பத்தொரு வருடத்தில் என்னை இந்த அளவுக்கு யாரும் நம்பியதில்லை. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மீதிப் பெயர்களைக் கூப்பிட்டேன்.

மிக்கேல் உள்ளேன் என்றான். தமீம் இரண்டாவது கூப்பாட்டுக்குத்தான் பதில் சொன்னான், அதற்கும் கணக்குப் போட்டிருந்தார்கள். ஜோஸ்மி சொன்னாள். அடுத்த பெயரின் மேல் விரலை வைத்தேன். இசக்கி என்னைப் பார்க்காமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அஞ்சனி."

"உள்ளேன் ஐயா."

மெல்லிய குரல். வகுப்பு முழுக்க மூச்சு விட்டது. சன்னலுக்கு வெளியே கைதட்டினார்கள். நான் மட்டும் தலையை நிமிர்த்தவில்லை. அந்தக் குரலில் கொஞ்சம் தடிப்பு இருந்தது.

"ஏலே மிக்கேல்" என்றேன், யோசிக்காமல், தொண்டை கிழிய. "பெஞ்சு மேல ஏறு."

திரையில் புள்ளிகள் மெல்ல விலகிப் படம் தெளிந்தது. ஆறு பிள்ளைகள் தெரிந்தார்கள். ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். மிக்கேல் பெஞ்சின் மேல் ஏறி, கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தான்.

"நீங்க இப்ப என்னை ஏறச் சொல்லியிருப்பீங்க ஐயா" என்றான். "அதான் முன்னாடியே ஏறிட்டேன்."

அவன் சொன்னதை அப்படியே சொல்கிறேன். இசக்கி அப்படிச் சிரிக்க மாட்டாள், என்னவோ தப்பாக இருக்கிறது என்று அஞ்சனிதான் படுக்கையிலிருந்து முதலில் சொன்னாளாம். சோதித்துப் பார்க்க மிக்கேல் அவளுக்கு ப்ராக்ஸி கொடுத்திருக்கிறான். திரையிலிருந்த ஐயா அதை ஒப்புக்கொண்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டார். நிஜ ஐயா இல்லை என்று அந்த நிமிடமே தெரிந்துவிட்டது. அவர்களும் வயரைப் பிடுங்கிவிட்டார்கள். அன்றிலிருந்து பதினொரு நாளாக, நான் கூப்பிடுகிற நேரம் பார்த்துத் தினமும் சூரியனைப் பார்த்து உள்ளேன் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். என்றைக்குச் சூரியன் விடுகிறதோ அன்றைக்கு வந்து சேரட்டும் என்று. நாங்களும் இந்தப் பக்கமிருந்து அதே சூரியனைப் பார்த்துத்தானே அவர்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

அஞ்சனி பிழைத்துக்கொண்டாள். காற்றுக் குழாயில் பூஞ்சை இருந்திருக்கிறது, அவள் அம்மா அதைக் கண்டுபிடித்து அறுத்து எறிந்துவிட்டார். அஞ்சனியின் தொண்டையில் குழாய் போட்டிருப்பதால் பத்து நாளைக்குப் பேச முடியாது. மிக்கேல் கையை நீட்டி ஒரு பலகையை எடுத்துக் காட்டினான். படுத்துக்கொண்டு எழுதிய எழுத்துகள், வரிசை கோணிப் போயிருந்தது. நான் சொல்லிக்கொடுத்த எழுத்துகள்தான்.

சிரிச்சது நீ இல்லன்னு எனக்குத் தெரியும், என்று எழுதியிருந்தது.

இசக்கி அப்போதுதான் அழுதாள். அவள் அம்மா சன்னல் வழியாகக் கையை நீட்டி அவள் தலையைத் தடவினார். அந்தப் பிள்ளைக்கு உடம்பு சரியாகட்டும் என்று அந்த அம்மா செவ்வாய்க்கு முதல் முறையாக ஒரு நல்ல வார்த்தை சொன்னார்.

நான் பேனாவை எடுத்தேன். பழைய நான்கு நாள் வருகையையும் அடித்துப் பக்கத்தில் சிவப்பு மையில் கையெழுத்துப் போட்டேன். அன்றைய தேதிக்கும் முப்பத்தாறாம் எண்ணுக்கு வரவில்லை என்றே எழுதினேன். மிக்கேல் கொடுத்தது ப்ராக்ஸி, அதை ஒப்புக்கொள்கிறவன் நான் இல்லை என்று அந்தப் பிள்ளைகளுக்கு இன்னும் இருபத்தொரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

எழுதிவிட்டு நிமிர்ந்தேன். மிக்கேல் இன்னும் பெஞ்சின் மேல் நின்றிருந்தான்.

"போதும்லே, இறங்கு" என்றேன்.

அது போய்ச் சேர இருபத்தொரு நிமிடம் ஆகும். அதுவரை அவன் இறங்க மாட்டான்.